மஞ்சள் அடித்த காடு

அவர் என்னை முதன்முதலாக வாசிக்கச் சொன்னபோது நான் பொய் சொன்னேன். அது பொய் என்று அந்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டார்.

வைகாசி மாதம். கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் பக்கம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மானாவாரிக் கிராமம். நான் அப்போது பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. சுற்றுவட்டாரத்தில் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று வரைபடம் போடும் திட்டம் ஒன்று எங்கள் துறைக்கு வந்திருந்தது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தோம். மொத்தம் இருபது கேள்விகள். பத்தொன்பதுக்கு அந்த வீட்டு அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். வீட்டில் யார் யார், எந்தக் காடு யார் பேரில் இருக்கிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். கடைசிக் கேள்வி கழிப்பறையைப் பற்றியது. வீட்டில் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று இருந்தது.

"அது உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

நான் ஏதோ விளக்கிப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெயிலில் தலை கிறுகிறுத்தது, இன்னும் பதினோரு வீடு பாக்கி. தாளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு எழுந்தேன்.

"எழுதுனத வாசிங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்லக்கா."

"எழுதுதீங்கள்லா. வாசிங்க."

வாசித்தேன். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் சொல்லி, அவர் சொன்ன பதிலையும் சொல்லி, பத்தொன்பது வரை வந்து நிறுத்தினேன். "அவ்வளவுதான்க்கா" என்றேன்.

"கடைசியா ஒரு தடவ பேனா ஓடிச்சே."

"அது சும்மா ஒரு குறிப்பு."

"சும்மா யாரும் எழுத மாட்டாவ."

'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஒத்துழைக்கலன்னா நான் அந்த ஒண்ணுக்குப் பதில் சொல்லலன்னு அர்த்தமா, நானே சரியில்லாத பொம்பளன்னு அர்த்தமா?" என்று கேட்டார். நான் அதை அடித்துவிட்டு, 'இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல விரும்பவில்லை' என்று தமிழில் எழுதினேன். அதையும் வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் தாள் பறக்காமல் அதன்மேல் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

அந்த ஊரில் இதற்கு யாரும் தப்பியதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. குழந்தையை எடை போட வரும் நர்ஸ், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போடுகிற ஹெட்மாஸ்டர் என்று எவர் பேனாவை மூடினாலும் "வாசிங்க" என்று அவர் குரல் கேட்கும். கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தை வெறுமையாக நீட்டி எல்லோரிடமும் முதலில் கையெழுத்து வாங்குவது வழக்கம். அவர் முறை வரும்போது பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "எழுதிட்டுக் குடுங்க, வாசிச்சிட்டுப் போடுதேன்" என்பாராம். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை ஊராட்சி எழுத்தர் அவர் வருவதைப் பார்த்ததும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, சாப்பிடப் போவதாகச் சொல்லி எழுந்துபோனார். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுத்தர் திரும்பி வந்தபோது மூன்று மணி. உட்கார்ந்தேதான் இருந்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். ஆனாலும் எழுதியவர் வாயால்தான் கேட்பார். ஏன் என்று ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. தீப்பெட்டி ஆலை ஒன்றில் தீப்பிடித்து அவருடன் பிறந்த அக்காவுக்கு உடம்பு வெந்தபோது, ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள் என்றும், அக்காவின் கவனக்குறைவால்தான் தீப்பிடித்தது என்று அந்தத் தாளில் இருந்தது பிறகுதான் தெரிந்தது என்றும் ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, "அதெல்லாம் இல்ல. அவிய பள்ளிக்கூடத்துலயே அப்பிடித்தான். வாத்தியாரு மார்க் போட்டா, எதுக்குப் போட்டீங்கன்னு நிப்பாவ" என்றாள். நான் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

கேள்வித்தாள் வேலை முடிந்த மறுவாரம் எங்கள் பேராசிரியரே ஊருக்கு வந்தார். மக்களே தங்கள் ஊரின் படத்தை வரைய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. சமுதாயக்கூடத்தின் முன்னால் தரையைக் கூட்டி, கோலப்பொடியும் செங்கல்பொடியும் கொடுத்தோம். பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டே ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சண்டை போட்டு வரைந்தார்கள். ஓடை, கண்மாய், வண்டிப்பாதை, ஆட்டுக்கிடை போடும் இடம், மேற்குக் காடு. பேராசிரியருக்கு நிஜமாகவே சந்தோஷம். நாற்காலிமேல் ஏறி நின்று படம் எடுத்தார்.

அந்த அக்கா மட்டும் பொடியைத் தொடவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இது எங்க போவும்?" என்று கேட்டார்.

"பல்கலைக்கழகத்துக்கும்மா. உங்க ஊருக்கு நல்லதுக்குத்தான்."

"நீங்க முழுசா வரஞ்ச பொறவு எங்களுக்குக் காட்டுவீங்களா?"

"கண்டிப்பா. தை மாசம் வந்து இதே இடத்துல காட்டுறோம்."

"தையில எந்தக் கெழம?"

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்து, "பொங்கல் முடிஞ்ச மறு ஞாயிறு" என்றார். அக்கா தலையசைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. அறிக்கை முன்னமே போய்விட்டது, திட்டம் முடிந்தது, துறையின் வண்டி வேறு வேலைக்குப் போயிருந்தது. அன்று வருவதாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு போன் பண்ணிச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ஊரில் பதினைந்து இருபது பேர் சமுதாயக்கூடத்தில் மத்தியானம் வரை காத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது.

அதற்கடுத்த மார்கழியில் அந்த அக்காவே போன் செய்தார். கேள்வித்தாளின் அடியில் இருந்த என் எண்ணை எழுதி வைத்திருந்தார்.

"டீச்சர், உங்க படம் எங்க ஊருக்கு வந்திருக்கு. ஆனா நீங்க கொண்டுவரல."

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்துக்கு வளர்ச்சித் திட்ட வரைவு ஒன்று தயாராகியிருந்தது. ஊரின் மேற்குக் காடு முழுவதையும் சூரிய மின்சாரப் பண்ணைக்கான பகுதி என்று அதில் குறித்திருந்தார்கள். காரணம் என்ற இடத்தில், இந்தப் பல்கலைக்கழக ஆய்வின்படி இது பயன்பாடற்ற நிலம் என்று போட்டு, எங்கள் வரைபடத்தை இணைத்திருந்தார்கள். வரைவு முடிவாகிவிட்டால் வண்டிப்பாதையும் மேய்ச்சல் நிலமும் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போகும். ரோட்டோரக் காடுகளை வாங்கி வேலி போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவனுக்குப் பட்டா இருக்கும், போக வழி இருக்காது. பத்து நாளில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கோவில்பட்டியில் விதைக்கடை. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம். அந்தக் கடையில்தான் நான் வளர்ந்தேன்.

"நீங்க எந்த மாசம் படம் எடுத்திய?" என்றார்.

"வைகாசி."

அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. "ஏட்டி, வைகாசில நம்ம கடையில எவன் வந்து விதை வாங்கியிருக்கான்? கரிசல்ல புரட்டாசில போடுவான், தையில எடுப்பான். வைகாசில வெடிச்சிக் கருப்பாத்தான் கெடக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் மஞ்சள் அடித்தேன். செயற்கைக்கோள் படம் மேகமில்லாத வைகாசியில் எடுத்தது. எங்கள் பட்டியலில் ஐந்து நிறங்கள்: பயிர் பச்சை, நீர்நிலை நீலம், குடியிருப்பு சிவப்பு, முள்காடு பழுப்பு, பயன்படாத நிலம் மஞ்சள். மழைக்காகக் காத்துக் கிடக்கும் கரிசலுக்கு நிறம் கிடையாது. ஒரே ஒருமுறை பேராசிரியரிடம் கேட்டேன். "நாம படத்தைப் படிக்கிறோம்மா, பஞ்சாங்கத்தை இல்ல" என்றார். நானும் கணினியில் மேற்குக் காடு முழுவதையும் மஞ்சளாக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா எங்கள் துறைக்கே வந்துவிட்டார். கூட ஊர்க்காரர்கள் இருவர். பேராசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்ததால் விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பேராசிரியர் உள்ளே கூப்பிட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினார். ஆய்வு அறிவியல் முறைப்படி நடந்தது, அதை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் துறை பொறுப்பாகாது என்றார். அக்கா டீயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் படத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். வாசிக்காதே என்று அந்தப் பார்வை சொல்லியதா, வாசித்துத் தொலை என்றதா, எனக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தின் அருகே போனேன். நிறப் பட்டியலை மேலிருந்து வாசித்தேன். மஞ்சளுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"கேக்கல டீச்சர்."

மறுபடியும் வாசித்தேன்.

"அந்த மஞ்சள யாரு அடிச்சது?"

கூட வந்த இருவரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். பேராசிரியர் மேசையைப் பார்த்தார். "நான்தான்க்கா" என்றேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "இப்பம் மார்கழி. வந்து பாருங்க" என்றார். கதவருகே போய்த் திரும்பி, "வாரேன் சார்" என்று பேராசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் பேராசிரியர் கதவைச் சாத்தினார். "நீங்க போகணும்னு நினைக்கிறது எனக்குப் புரியுது" என்றார். "ஆனா உங்க ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமே இந்தப் படம்தான். அது தப்புன்னு நீங்களே கூட்டத்துல சொன்னா, அப்புறம் நான் எதுல கையெழுத்துப் போடறது?" பிறகு, "நான் துறை சார்பா கடிதம் தர மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்.

முதுகலை மாணவர்கள் இரண்டு பேர் என்னோடு வரச் சம்மதித்தார்கள். அவர்களுக்குப் பரீட்சை முடிந்தபோது கூட்டத்துக்கு முந்தின இரண்டு நாள்தான் கையில் இருந்தது. முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மேற்குக் காட்டில் கால் வைத்ததும் ஒரு மாணவன் அப்படியே நின்றுவிட்டான். முட்டி உயரத்துக்கு உளுந்து, அதற்கு அப்பால் பாசி, பூத்த கொத்தமல்லி, பன்றிக்குப் பயந்து பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிய மக்காச்சோளம். நான் மஞ்சள் அடித்த இடம்.

வேலை இப்படி: காட்டின் நான்கு மூலைகளையும் மாணவர்கள் போனில் குறிப்பார்கள். காட்டுக்காரர் என்ன விதைத்தார், எப்போது விதைத்தார் என்று சொல்வார். நான் எழுத வேண்டும். எழுதியதை அவரிடம் வாசிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் எங்களைக் கொன்றது. ஒவ்வொருவரும் கேட்டுவிட்டு, "அய்ப்பசி மூணாம் தேதி இல்ல, அஞ்சு" என்று திருத்துவார்கள். அதை அடித்து எழுதி மறுபடி வாசிக்க வேண்டும். முதல் நாள் முடிவில் பாதிகூட ஆகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மாணவனுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, வாசிக்கிறத மட்டும் சாயங்காலம் மொத்தமா வச்சுக்கிடுவோம். இப்படியே போனா முடியாது. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம்."

"சாயங்காலம் நான் இருப்பேன், நீங்க இருப்பீங்க. இவிய இங்கன இருப்பாவளா?" என்று, காலையிலிருந்து எங்களோடு நடந்த அக்கா காட்டுக்காரரைக் காட்டினார். "வாசிங்க டீச்சர்."

எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் எரிச்சல்தான். அவருக்காகத்தானே ஓடுகிறோம், அவரே காலைப் பிடித்து இழுக்கிறாரே என்று இருந்தது.

பொழுது சாயும்போது ரோட்டுப் பக்கம் வந்தோம். அங்கே அவருடைய கொழுந்தனின் காடு. ஒன்றும் விதைக்கவில்லை. போன வருஷத்துச் சோளத் தட்டைகளின் அடிக்கட்டைதான் நின்றது. விற்பதற்கு ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். பின்னாலேயே வந்த ஆட்கள், "உளுந்துன்னு போடுங்க டீச்சர். மொத்த காடும் பச்சையா இருந்தாத்தான் நமக்கு நல்லது" என்றார்கள்.

"எவன் போடச் சொல்லுதான்?" என்று கொழுந்தன் முன்னால் வந்தான். "எனக்கு விக்கணும். என் காடு, நான் விதைக்கல. தரிசுன்னு எழுதுங்க."

ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். "ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது உனக்கு மட்டும் என்னல?" என்று இன்னொருவர் கத்தினார். மாணவர்கள் இருவரும் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

அக்கா நடுவில் போய், சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். "அவன் காட்டுல என்ன நிக்கி?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்: "ஒண்ணும் நிக்கல. அதத்தான் எழுதணும். எழுதுங்க டீச்சர்."

எழுதி வாசித்தேன். கொழுந்தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "அடுத்த காடு உங்களுதுதான மைனி?" என்றான். "அதையும் வாசிக்கச் சொல்லுங்க. கேப்போம்."

அவன் காட்டை ஒட்டிப் பின்னால் இருந்தது அவர் காடு. அதிலும் பயிர் இல்லை. அந்தப் புரட்டாசியில் லாரி ஓட்டப் போன அவர் கணவருக்குக் கால் முறிந்து, ஒரு மாதம் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பருவம் தப்பிவிட்டது. இது ஊருக்கே தெரியும். சட்டையைப் பிடித்தவரே மெதுவாகச் சொன்னார்: "யக்கா, உங்களுக்கு உளுந்துன்னு போட்டுருவோம். முளச்சிக் கருகிப்போச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் 'உளுந்து' என்று எழுதிவிட்டேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த மஞ்சளுக்கு நான் செய்கிற பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாசிங்க."

"உளுந்து" என்றேன்.

"அடிங்க."

"இந்த ஒண்ணுனால ஒண்ணும் ஆயிராதுக்கா."

"போன தடவயும் அப்பிடித்தான நெனச்சிருப்பீங்க."

ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு அந்த ஆபீசர் வந்து இந்த ஒரு காட்டுல மட்டும் நின்னார்னா என்ன செய்வீங்க? பொறவு உள்ள நிக்க பச்சையையும் நம்ப மாட்டாரு. அடிங்க." நான் அடித்தேன். 'இந்த வருடம் விதைக்கவில்லை' என்று எழுதி வாசித்தபோது வெளிச்சம் மங்கி, எழுத்து எனக்கே சரியாகத் தெரியவில்லை. கொழுந்தன் ரோட்டைப் பார்த்துப் போய்விட்டான்.

மறுநாள் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரி, அவர் பக்கத்தில் வரைவைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் ஆள். நான் புதுப் படத்தை விரித்து, பழைய படத்தில் நான் செய்த தவற்றைச் சொன்னேன். சொல்லும்போது என் மூன்றாவது அத்தியாயம் கண்முன் வந்துபோனது. ஆலோசனைக்காரர் எழுந்து, "சார், ஒரு வருஷத்துக்கு முன்னாடி இவங்க துறை அறிவியல் முறைப்படி போட்ட படம் அது. இது ரெண்டே நாள்ல ஊர்க்காரங்க சொன்னதைக் கேட்டு வரைஞ்சது. விதைச்சோம்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க?" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ரெண்டு படமும் நீங்கதான் போட்டிருக்கீங்க. நான் எதை நம்பறது?"

நான் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினேன்.

பின் வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "அய்யா, புதுப் படத்துலயும் மஞ்சள் இருக்கு. பாருங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். "ரோட்டுப் பக்கம் கொஞ்சம் இருக்கு."

"மொத்தம் ஒம்பது காடு. அதுல ரோட்டுலருந்து ரெண்டாவது என் காடு."

"அதுல என்ன பயிர் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. இந்த வருசம் விதைக்கல."

மண்டபம் சலசலத்தது. பக்கத்தில் இருந்தவள் அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஆலோசனைக்காரர் சிரித்துவிட்டு, அதைக் குறித்துக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. நேர்ல பார்த்துடுவோம்" என்றார்.

வந்தார். இரண்டு மணி நேரம் நடந்தார். நான் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றிய காட்டிலெல்லாம் இறங்கிப் பார்த்தார். செருப்பில் கரிசல் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ எடை ஆனது. எழுதியதற்கு மாறாக ஓரிடத்திலும் இல்லை. அங்கேயே வரப்பில் நின்று முடிவைச் சொன்னார்: விதைத்த காடும், வண்டிப்பாதையும், மேய்ச்சல் நிலமும் வரைவிலிருந்து வெளியே. ரோட்டோரத்து ஒன்பது காடு உள்ளேயே இருக்கும்.

ஊர் ஆட்கள் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவருக்கு இளநீர் வெட்டினார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அக்கா ரோடு வரைக்கும் கூட வந்தார். நிறுத்தத்தில் நின்றபோது, "மகளுக்கு மாப்பிள்ள பேசி முடிச்சிருக்கு. அந்தக் காட்டத்தான் அவளுக்குன்னு சொல்லியிருந்தோம்" என்றார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீங்க அந்த உளுந்த அடிச்சிருக்க மாட்டீங்க."

பஸ் வந்துவிட்டது.

கொழுந்தன் தன் காட்டைத் தை மாதமே விற்றான். மற்ற ஏழும் ஒவ்வொன்றாகப் போயின. அவர் விற்கவில்லை. கம்பெனி ஆட்கள் நான்கு முறை வந்தார்கள். ஆனால் அவர் காட்டுக்குப் போக வழி கொழுந்தனின் வரப்புதான். அதில் கம்பிவேலி விழுந்ததும், ஓடைக்குள் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழியில்லாத காட்டைப் பார்த்து மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு கல்யாணம் நடந்தது. அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. மகள் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். வரைவிலிருந்து தப்பிய காட்டுக்காரர்கள் அவருடைய வழிக்காக ஒரு மனு போட்டார்கள். அது இன்னும் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது.

நான் மூன்றாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். பட்டம் கைக்கு வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். நிறப் பட்டியலில் மானாவாரிக்கு ஒரு நிறம் சேர்த்ததும் அவர்தான். இப்போது நான் அதே துறையில் வேலை பார்க்கிறேன். எந்தப் படமும் இரண்டு பருவமும் பார்த்து, ஊரில் காட்டிய பிறகுதான் வெளியே போகும்.

போன மார்கழியில் மாணவர்களோடு அந்த ஊருக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து ரோட்டுக்கு நடக்கும்போது ஓடைக்குள் அந்த அக்காவைப் பார்த்தேன். முட்டி அளவு தண்ணீர். தலையில் பிடுங்கிய பாசிப்பயறுச் செடிக் கட்டு. அவருக்குப் பின்னால் மகள், அவள் தலையிலும் ஒரு கட்டு. இரண்டு கரையிலும் வேலி, வேலிக்கு அப்பால் கண்ணாடித் தகடுகள் வெயிலில் மின்னின. கரை ஏறும் இடத்தில் மண் வழுக்கி, அவர் ஒரு கணம் தடுமாறினார்.

நான் ஓடிப்போய்க் குனிந்து, கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தலையிலிருந்த கட்டை இறக்கி அதில் வைத்துவிட்டு, தானாகவே ஊன்றி மேலே ஏறினார். பிறகு திரும்பி மகளுக்குக் கை கொடுக்கக் குனிந்தார். கட்டு ஈரத்தில் கனத்தது. இறக்கி வைக்க உலர்ந்த இடம் இல்லை. ரோடு வரைக்கும் நானே சுமந்தேன்.